அத்தியாயம் 6: சோப்பும் நூடுல்ஸும் – இரண்டு நுகர்பொருள் பங்குகளை எடைபோடுவது

இந்த மாத மளிகை ரசீதை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சர்ஃப் எக்செல், ரின், விம், லைஃப்பாய், ஹமாம், கிளினிக் பிளஸ், புரூ, ஹார்லிக்ஸ், பூஸ்ட் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது இந்துஸ்தான் யூனிலீவர் என்கிற ஹெச்.யூ.எல். நிறுவனத்தின் சரக்கு. மேகி, நெஸ்கஃபே, சன்ரைஸ், கிட்கேட், மில்க்மெய்ட், செரலாக் என்றால் நெஸ்லே இந்தியா. மழை, வெயில், தேர்தல், வேலையிழப்பு எது வந்தாலும் இந்த ரசீது நிற்பதில்லை. காரையும் ஃபிரிட்ஜையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடும் குடும்பம் குளிக்கிற சோப்பைத் தள்ளிப்போடாது. நுகர்பொருள் பங்குகளுக்குச் சந்தையில் இருக்கும் மரியாதை முழுவதும் இதிலிருந்து வருவதுதான்.

டீமேட் கணக்கைத் திறந்ததும் பலர் முதலில் தேடுவதும் இந்த இரண்டு பெயர்களைத்தான். தெரிந்த பொருள், தெரிந்த கம்பெனி, ஆகவே நல்ல பங்கு என்று நினைக்கிறார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவது தானாக வந்துவிடாது. நல்ல கம்பெனியின் பங்கை அதிக விலைக்கு வாங்கி, பத்து வருடம் காத்திருந்தும் வங்கி வைப்புநிதி அளவுக்குக்கூட ஈட்டாமல் போனவர்கள் உண்டு. அப்படி நடந்த காலத்தையும் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம். இன்றைய விலையை நான் எங்கும் எழுதவில்லை. நீங்கள் படிக்கும்போது அது மாறியிருக்கும். விலையை எதனோடு வைத்துப் பார்ப்பது என்ற முறைதான் நிலைக்கும்.

இரண்டும் எங்கிருந்து வந்தன

ஹெச்.யூ.எல். பழைய கை. சன்லைட் சோப்பு 1888-இலேயே கொல்கத்தாவில் வந்து இறங்கியது. தனித்தனியாக இயங்கிய மூன்று கம்பெனிகள் 1956-இல் ஒன்றாகி ஹிந்துஸ்தான் லீவர் ஆயின. அப்போதே 10% பங்குகளை இந்தியப் பொதுமக்களுக்குக் கொடுத்தார்கள். 2007-இல் இன்றைய பெயர் வந்தது. நெஸ்லே இந்தியா 1959-இல் பதிவானது. பஞ்சாபின் மோகாவில் 1961-இல் முதல் ஆலை. இரண்டாவது நம் நீலகிரி மாவட்டத்துச் சோலாடியில், 1967-இல், தேயிலைக்காக. இந்தியாவில் மேகி அறிமுகமானது 1980-களில்தான்.

இரண்டிலும் கடிவாளம் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஹெச்.யூ.எல்.-இல் யூனிலீவருக்குச் சுமார் 62%, நெஸ்லே இந்தியாவில் சுவிட்சர்லாந்தின் நெஸ்லேவுக்குச் சுமார் 63%. இந்த எண்களை நினைவில் வையுங்கள். பின்னால் ராயல்டி பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அளவில் இரண்டும் சமமல்ல. 2023-24 நிதியாண்டில் ஹெச்.யூ.எல்.-இன் விற்பனை ஏறக்குறைய 60,000 கோடி ரூபாய், நிகர லாபம் 10,114 கோடி. நெஸ்லே இந்தியாவின் விற்பனை 2024-25-இல் 20,000 கோடிக்குச் சற்று மேல், லாபம் 3,200 கோடிக்கு மேல். ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு.

வேறுபட்ட ஆண்டுகளை ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். ஒப்பீட்டில் பலர் தடுக்கி விழும் முதல் இடமே அதுதான்.

கணக்கை ஒரே தளத்துக்குக் கொண்டுவருவது

நெஸ்லே இந்தியா 2022 வரை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டைத்தான் தன் கணக்காண்டாக வைத்திருந்தது. பிறகு எல்லோரையும் போல மார்ச் மாதத்துக்கு மாறியது. மாறுகிற வருடத்தில் 2023 ஜனவரியிலிருந்து 2024 மார்ச் வரை 15 மாதங்களை ஒரே ஆண்டாகக் காட்டியது. பங்குத் தகவல் தரும் செயலிகள் பலவற்றில் இந்த 15 மாதக் கணக்கு மற்ற 12 மாத ஆண்டுகளின் வரிசையில் உட்கார்ந்திருக்கும். அந்த 15 மாத லாபம் 3,933 கோடி. அடுத்த ஆண்டு 3,200 கோடிக்கு மேல். வெறும் வரைபடத்தைப் பார்ப்பவர், லாபம் ஐந்தில் ஒரு பங்கு சரிந்துவிட்டது என்று பயந்து விற்றுவிடுவார். 3,933-ஐ 15-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்குங்கள்: 3,146 கோடி. சரிவே இல்லை. 2022-லிருந்து நேராக 15 மாதக் கணக்குக்குத் தாவிப் பார்ப்பவருக்கு எதிர்த் தவறு நேரும். 2,390 கோடி 3,933 கோடியானதைக் கண்டு 65% வளர்ச்சி என்று மயங்குவார்.

அடுத்தது பங்கு எண்ணிக்கை. 2023 இறுதியில் நெஸ்லே இந்தியாவின் ஒரு பங்கு 25,000 ரூபாயை ஒட்டி விற்றது. 2024 ஜனவரியில் முகமதிப்பு 10 ரூபாயிலிருந்து 1 ரூபாயாகப் பிரிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தது. பழைய 1 பங்கு இப்போது 20 பங்கு. விலை இருபதில் ஒன்றாகத் தெரிவதால் பங்கு மலிந்துவிட்டது என்று பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். கம்பெனியின் மொத்த மதிப்பு இதனால் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ஹெச்.யூ.எல்.-உம் 2025 டிசம்பரில் குவாலிட்டி வால்ஸ் ஐஸ்கிரீம் வணிகத்தைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, தன் பங்குதாரர்களுக்கு ஒன்றுக்கு ஒன்று கொடுத்தது. பழைய விலையையும் புதிய விலையையும் ஒப்பிடும்போது அந்தப் பங்கின் மதிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது. ஹார்லிக்ஸ், பூஸ்ட் வைத்திருந்த கிளாக்ஸோ ஸ்மித்க்லைன் கன்ஸ்யூமர் கம்பெனியை 2020 ஏப்ரலில் ஹெச்.யூ.எல். தன்னோடு இணைத்துக்கொண்டது. அதற்குப் பெரும்பாலும் ரொக்கம் தரவில்லை. அந்தக் கம்பெனியின் ஒரு பங்குக்குத் தன் 4.39 பங்குகளைக் கொடுத்தது. ஹார்லிக்ஸ் என்கிற பெயருக்காக மட்டும் தனியாக 3,045 கோடி கொடுத்தது. இந்த இணைப்பால் இரண்டு விளைவுகள் ஏற்பட்டன.

பங்கு எண்ணிக்கை சுமார் 216.5 கோடியிலிருந்து 235 கோடியானது. 2019-20-இல் லாபம் 6,738 கோடி. 2023-24-இல் 10,114 கோடி. நான்கு வருடத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10.7% வளர்ச்சி. ஆனால் பங்கு ஒன்றுக்கான லாபம் 31 ரூபாயிலிருந்து 43 ரூபாய்தான் ஆனது. அதாவது ஆண்டுக்கு 8.4%. உங்கள் கையில் இருப்பது கம்பெனி அல்ல, அதன் பங்கு. ஆகவே உங்களுக்குச் சேர வேண்டிய வளர்ச்சி எண் இந்த இரண்டாவதுதான்.

இரண்டாவது விளைவு, முதலீட்டின் மீதான வருவாயில் தெரிந்தது. இணைப்புக்கு முன்பு பங்குதாரர்களின் நிதி 8,000 கோடி அளவில் இருந்தது. அதன் மீது 6,700 கோடி லாபம் என்றால் 80 சதவீதத்துக்கு மேல். இணைப்புக்குப் பின் கணக்கியல் விதிப்படி, வாங்கிய பிராண்டுகளின் மதிப்பும் நற்பெயரின் மதிப்பும் புத்தகத்தில் ஏறின. பங்குதாரர் நிதி ஒரே ஆண்டில் 47,000 கோடியைத் தாண்டியது. வருவாய் விகிதம் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. நெஸ்லே இந்தியாவில் 2022-இல் இதே விகிதம் கிட்டத்தட்ட 100%. செயலியில் 20-ஐயும் 100-ஐயும் அருகருகே பார்க்கிறவருக்கு, நெஸ்லே ஐந்து மடங்கு சிறந்த கம்பெனி என்றுதான் தோன்றும். சோப்பு ஆலையும் டீத்தூள் ஆலையும் முன்பு போலத்தான் ஓடுகின்றன. கூடுதல் மூலதனம் எதையும் விழுங்கவில்லை. மாறியது ஏட்டில் எழுதிய மதிப்பு. ஆனால் அந்த 20 சதவீதத்தை முழுக்க ஒதுக்கிவிடவும் கூடாது. ஹார்லிக்ஸுக்காகக் கொடுத்த பங்குகள் உண்மையான விலை. அந்த விலைக்கு ஏற்ற வருமானம் அதிலிருந்து வந்ததா என்று கேட்பது நியாயமே. சத்துபான வகை எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை என்பது என் மதிப்பீடு.

எத்தனை பாக்கெட் கூடுதலாக விற்றது?

விற்பனை 8% கூடியது என்று கம்பெனி அறிவித்தால், அடுத்த கேள்வியை உடனே கேட்டுவிடுங்கள்: விலையை ஏற்றியதால் கூடியதா, அதிகச் சரக்கு விற்றதால் கூடியதா? நுகர்பொருள் துறையில் இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தெரியாது. பாமாயில் விலை ஏறும்போது சோப்பு விலையை ஏற்றி, ரூபாய்க் கணக்கில் வளர்ச்சி காட்டுவது எந்தக் கம்பெனிக்கும் முடியும். கிராமத்தில் ஒருவர் பெரிய பாக்கெட்டிலிருந்து 10 ரூபாய் பாக்கெட்டுக்கு இறங்குவதும், கடைக்காரர் பக்கத்து ஊர்ச் சோப்பை எடுத்து நீட்டுவதும் ரூபாய்க் கணக்கில் சீக்கிரம் தெரியாது. அளவுக் கணக்கில்தான் முதலில் தெரியும்.

ஹெச்.யூ.எல். இந்த எண்ணை ஒவ்வொரு காலாண்டிலும் வெளியிடுகிறது. 2023-24-இலும் 2024-25-இலும் அதன் அளவு வளர்ச்சி 2% அளவில்தான். 10,000 கோடி லாபம் ஈட்டுகிற கம்பெனியின் சரக்கு ஓட்டம் இவ்வளவு மெதுவாகத்தான் கூடுகிறது. நெஸ்லே இந்தியா பெரும்பாலும் எண்ணாகச் சொல்வதில்லை. எந்தப் பிரிவு அளவால் வளர்ந்தது, எது விலையால் வளர்ந்தது என்று காலாண்டு அறிக்கையில் வார்த்தைகளில் குறிப்பிடும். அந்தப் பத்தியைத் தாண்டிப்போகாதீர்கள். தொடர்ந்து நான்கு காலாண்டு அறிக்கைகளை எடுத்து அந்தப் பத்திகளை மட்டும் அடுத்தடுத்து வாசித்தால் போக்கு புரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, நூடுல்ஸ், சாக்லேட், இன்ஸ்டன்ட் காபி ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 5% ஆனது. வரி குறையப்போகிறது என்று தெரிந்ததும் மொத்த வியாபாரிகள் பழைய சரக்கைத் தீர்க்கப் பார்ப்பார்களே தவிரப் புதிதாக எடுக்க மாட்டார்கள். அந்த ஒரு காலாண்டை வைத்து இந்தத் துறையில் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நீண்ட கால அளவு வளர்ச்சியில் எனக்கு நெஸ்லே பக்கம்தான் சாய்வு இருக்கிறது. சோப்பும் துணி சோப்பும் ஏற்கெனவே ஏறக்குறைய எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டவை. அங்கே இனி வளர வேண்டுமானால் சோப்பு வாங்குகிறவரை லிக்விடுக்கும், ரின் வாங்குகிறவரை சர்ஃப் எக்செலுக்கும் ஏற்ற வேண்டும். பாக்கெட் உணவு, இன்ஸ்டன்ட் காபி, சாக்லேட் இன்னும் எட்டாத வீடுகள் நிறைய. ஒடிசாவின் கோர்தாவில் பத்தாவது ஆலைக்கு நெஸ்லே பணம் போடுவதும் அந்த நம்பிக்கையில்தான். ஹெச்.யூ.எல். அந்த அளவுக்கு ஆலைகளில் போட வேண்டிய தேவை இல்லாததால் லாபத்தைப் பெரும்பாலும் டிவிடெண்டாகக் கொடுத்துவிடுகிறது. 2023-24-இல் பங்குக்கு 43 ரூபாய் ஈட்டி, 42 ரூபாய் டிவிடெண்ட் அறிவித்தது.

மூலப்பொருளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹெச்.யூ.எல்.-க்குப் பாமாயில், கச்சா எண்ணெய் சார்ந்த ரசாயனங்கள், தேயிலை. நெஸ்லேவுக்குப் பால், காபிக்கொட்டை, கோகோ, கோதுமை, பாமாயில். 2024-இல் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. காபியும் உச்சத்துக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை 20 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. இரண்டு கம்பெனிகளின் லாப விகிதமும் சுருங்கியது. இத்தகைய ஏற்ற இறக்கம் ஓரிரு ஆண்டில் திரும்பிவிடும். இதற்காகப் பங்கை விற்கத் தேவையில்லை. மூலப்பொருள் மலிந்த ஆண்டின் கொழுத்த லாபத்தை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

தாய் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பணம்

பிராண்டு, தொழில்நுட்பம் ஆகியவற்றுக்காக இரண்டு கம்பெனிகளும் தாய் நிறுவனத்துக்கு ராயல்டி கட்டுகின்றன. ஹெச்.யூ.எல். 2023 ஜனவரியில் இதை விற்பனையில் 2.65 சதவீதத்திலிருந்து மூன்று ஆண்டுகளில் 3.45 சதவீதமாகப் படிப்படியாக உயர்த்துவதாக அறிவித்தது. நெஸ்லே இந்தியா கட்டுவது 4.5%. சதவீதம் சின்னதாகத் தெரிகிறது. ரூபாயாக மாற்றுங்கள். 60,000 கோடி விற்பனையில் 3.45% என்றால் 2,000 கோடிக்கு மேல். 20,000 கோடியில் 4.5% என்றால் 900 கோடி. ராயல்டி வரிக்கு முந்தைய செலவு. நிகர லாபத்தோடு நேராக ஒப்பிட முடியாது. அளவு புரிவதற்காகச் சொல்கிறேன்: ஹெச்.யூ.எல்.-இல் அது நிகர லாபத்தின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமம், நெஸ்லேயில் கால் பங்குக்கும் மேல்.

டிவிடெண்ட் கொடுத்தால் தாய்க்கும் உங்களுக்கும் ஒரே விகிதத்தில் வரும். ராயல்டி தாய்க்கு மட்டும் போகும். அதனால்தான் இதைச் சிறு பங்குதாரர்கள் விழிப்போடு பார்க்க வேண்டியிருக்கிறது. நெஸ்லே இந்தியா 2024-இல் ராயல்டியை ஆண்டுக்கு 0.15 புள்ளி வீதம் ஐந்து ஆண்டுகள் உயர்த்தி 5.25% ஆக்க அனுமதி கேட்டது. தன் தாய் நிறுவனத்தோடு செய்யும் பரிவர்த்தனை என்பதால் அந்தத் தாய் நிறுவனம் ஆதரித்து வாக்களிக்க முடியாது. மற்ற பங்குதாரர்கள் வாக்களித்தார்கள். சுமார் 57% எதிர்ப்பு. தீர்மானம் தோற்றது. பழைய 4.5 சதவீதத்துக்கே பிறகு ஒப்புதல் வாங்கினார்கள். இந்திய நிறுவன நிர்வாகத்தில் இதை முக்கியமான நிகழ்வாகக் கருதுகிறேன். உங்களிடம் பத்துப் பங்குதான் இருக்கிறது என்றாலும் மின்வாக்கு அழைப்பு மின்னஞ்சலில் வரும். அதை அழிக்காதீர்கள், வாக்களியுங்கள்.

ஒரு பெயரில் எவ்வளவு தொங்குகிறது?

2015 ஜூன் 5 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஈயத்தின் அளவையும் மோனோசோடியம் குளூட்டமேட் பற்றிய அட்டைக் குறிப்பையும் காரணம் காட்டி, மேகி நூடுல்ஸைத் திரும்பப் பெறச் சொன்னது. கடைகளிலிருந்து ஆயிரக்கணக்கான டன் நூடுல்ஸ் திரும்ப வந்து அழிக்கப்பட்டது. அந்தக் காலாண்டில் நெஸ்லே இந்தியா 64 கோடி நஷ்டம் காட்டியது. ஆண்டு முழுக்கப் பார்த்தால் லாபம் முந்தைய ஆண்டின் 1,185 கோடியிலிருந்து 563 கோடியாக, பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்து மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது; நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. விட்ட இடத்தின் பெரும்பகுதியை மீண்டும் பிடித்தது.

இதிலிருந்து பலர் எடுத்துக்கொள்வது, நல்ல பிராண்டு எப்படியும் மீண்டுவிடும் என்பதைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது மேகி சார்ந்த பிரிவு இன்றும் நெஸ்லே விற்பனையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கிறது என்பது. பால், குழந்தை உணவுப் பிரிவு சுமார் 40%. குழந்தை உணவில் ஒரு செய்தி வந்தால் என்னாகும் என்பதை 2024 ஏப்ரலில் பார்த்தோம். ஏழை நாடுகளில் விற்கும் செரலாக்கில் சர்க்கரை சேர்க்கப்படுகிறது என்று பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு அறிக்கை வெளியிட்டதும் பங்கு சரிந்தது. ஹெச்.யூ.எல்.-இல் இப்படி ஒரே பெயரில் கனம் ஏறவில்லை. அதன் ஆகப்பெரிய பிரிவான துணி, பாத்திரம், வீட்டுச் சுத்தப் பொருட்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்றாலும் அதற்குள்ளேயே பல பிராண்டுகள் இருக்கின்றன.

ஹெச்.யூ.எல்.-க்கு வேறு விதமான காயங்கள் உண்டு. பாண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து அதன் கைக்கு வந்த கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசக் கழிவு வெளியேறிய விவகாரம் 2001-இல் வெடித்தது. ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு உடன்பாடு எட்ட 2016 ஆயிற்று. லாபக் கணக்கில் அது சிறிய எண். அந்த மலையில் வேலை செய்தவர்களுக்கு அப்படியில்லை. முதலீட்டாளர் ஆண்டறிக்கையில் நிலுவை வழக்குகள் பற்றிய குறிப்புகளைப் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

போட்டியிலும் இரண்டும் வேறுபடுகின்றன. சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள் செய்ய அதிக மூலதனம் வேண்டாம். குஜராத்தின் நிர்மா ஒருகாலத்தில் சர்ஃபை உலுக்கியது. கடலூரில் பிறந்த சிக் ஷாம்பு சின்னப் பாக்கெட்டில் வந்து பெரிய கம்பெனிகளுக்கு ஈடுகொடுத்தது. 2004-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் ஏரியல், டைடு விலையை வெட்டியபோது, ஹெச்.யூ.எல்.-உம் வெட்ட வேண்டி வந்தது. அந்த ஆண்டு லாபம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. நூடுல்ஸில் ஐ.டி.சி.-யின் யிப்பீ 2010-லிருந்து இருந்தும் மேகியின் பிடி விடவில்லை. வாய்க்குப் பழகிய ருசியை மாற்றுவது சலவைத்தூளை மாற்றுவதைவிடக் கடினம்.

என்ன விலை கொடுக்கிறீர்கள்

பி.இ. விகிதம் என்பது, கம்பெனி ஒரு ஆண்டில் ஈட்டும் ஒரு ரூபாய் லாபத்துக்கு நீங்கள் எத்தனை ரூபாய் கொடுக்கிறீர்கள் என்பது. ஆண்டுக்கு 1 லட்சம் வாடகை வரும் வீட்டை 55 லட்சம் கொடுத்து வாங்குவது போல. வாடகை வருடா வருடம் ஏறும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அப்படி வாங்க மாட்டார்கள். அண்மை ஆண்டுகளில் ஹெச்.யூ.எல். பெரும்பாலும் 50-க்கும் 65-க்கும் இடையிலும், நெஸ்லே 70-ஐ ஒட்டியும் விற்றிருக்கின்றன.

ஒரு கணக்குப் போடுவோம். 55 பி.இ.-யில் 100 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். பங்கு ஈட்டும் லாபம் 1.82 ரூபாய். ஆண்டுக்கு 9% வளர்ந்தால் பத்தாண்டில் லாபம் 4.30 ரூபாய். அப்போதும் சந்தை 55 மடங்கு கொடுத்தால் விலை 237. வளர்ச்சி மெல்ல மெல்ல அடங்கி, சந்தை 35 மடங்குதான் கொடுப்பேன் என்றால் விலை 150. ஆண்டுக்கு 4.2%. டிவிடெண்டைச் சேர்த்தாலும் 6% அளவுதான். கம்பெனியில் எந்தக் கோளாறும் இல்லாமலே, லாபம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிய பின்பும், உங்கள் கைக்கு வந்தது அவ்வளவுதான். நெஸ்லேயை 72-இல் வாங்கி, லாபம் 11% வளர்ந்து, பி.இ. 45-க்கு இறங்கினால் டிவிடெண்டோடு சேர்த்து 7% அளவு வரும்.

இது காகிதக் கணக்கு மட்டும் அல்ல. 2000-இன் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் லீவர் எட்டிய உச்ச விலையை நிலையாகத் தாண்ட அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதே காலத்தில் சென்செக்ஸ் மூன்று மடங்குக்கு மேல் போனது. அண்மையிலும் அதேதான். 2020 ஏப்ரலில் ஹெச்.யூ.எல். விற்ற விலைக்கும் 2025 ஏப்ரலில் விற்ற விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு முறையும் 2,300-ஐச் சுற்றித்தான். இடையில் பங்கு ஒன்றுக்கான லாபம் 31-லிருந்து 45 ரூபாயானது. ஐந்தாண்டு வளர்ச்சி முழுவதையும், 2020-இல் பயந்துபோய்ப் பாதுகாப்பு தேடியவர்கள் முன்கூட்டியே விலையாகக் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் பயந்திருக்கும்போது பாதுகாப்பான பங்குதான் அதிக விலைக்கு விற்கும். நுகர்பொருள் பங்கை வாங்கத் தோதான காலம், சந்தை வேறு எதிலோ மயங்கி இதை அலுப்பான பங்கு என்று ஒதுக்கும் காலம்.

எதை வாங்குவது?

முதலில், உங்களிடம் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு இருந்தால் இதை எழுதும்போது இரண்டு பங்குகளும் அதில் இருக்கின்றன. தனியாக வாங்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். வேண்டாம் என்பதும் நல்ல முடிவு.

தனியாக வாங்குவதென்றால் நான் பார்ப்பது இரண்டு பி.இ.-களுக்கும் இடையிலான இடைவெளியை. நெஸ்லேவுக்கு வளர இடம் அதிகம், போட்டியாளர் நுழைவது கடினம். அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ராயல்டியும் ஒரே பிராண்டின் கனமும் அந்தக் கூடுதலை மட்டுப்படுத்த வேண்டும். இடைவெளி 10 புள்ளிக்குள் இருந்தால் நெஸ்லேயை எடுப்பேன். 20-ஐத் தாண்டினால் ஹெச்.யூ.எல். இடையில் இருந்தால், உங்களுக்குப் பணம் எப்படி வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஓய்வுபெற்று, வரி வரம்புக்குள் இருந்து, கையில் டிவிடெண்ட் வர வேண்டும் என்பவருக்கு ஹெச்.யூ.எல். பொருந்தும். 30% வரி கட்டுகிறவருக்கு டிவிடெண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரியிலேயே போய்விடும். அவருக்கு லாபத்தை ஆலைகளில் போட்டு வளர்கிற கம்பெனி மேல். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5% வரிதான்.

இரண்டுமே 60-க்கு மேல் விற்கும்போது புதிதாகப் பெரிய தொகையைப் போடாதீர்கள். மாதாமாதம் கொஞ்சமாக எடுங்கள் அல்லது காத்திருங்கள். வாங்கிய அன்றே ஒரு காகிதத்தில் நான்கு எண்களை எழுதி வையுங்கள்: பங்கு ஒன்றுக்கான லாபம், கொடுத்த பி.இ., கடைசி நான்கு காலாண்டுகளின் அளவு வளர்ச்சி (நெஸ்லேயில் எண் கிடைக்காவிட்டால் அறிக்கையின் வார்த்தைகள்), ராயல்டி விகிதம். ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டு முடிவுகள் வெளிவந்த பிறகு, அந்த நான்குக்கும் பக்கத்தில் புதிய எண்களை எழுதுங்கள். அளவு வளர்ச்சி இரண்டு ஆண்டு தொடர்ந்து பூஜ்யத்தை ஒட்டியே இருந்து, ராயல்டியும் ஏறினால் அந்தப் பங்கில் புதிய பணம் போடுவதை நிறுத்துங்கள். விலை மட்டும் விழுந்து, மற்ற மூன்றும் அப்படியே இருந்தால் இன்னும் கொஞ்சம் வாங்குங்கள்.